அடுத்த பாஸ் ராடு எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பாஸ் மீன் பிடிக்கத் தொடங்கும் நம்மவர்கள் முதல் ராடை, அதாவது தூண்டில் கம்பை, பற்றி அதிகம் கேட்பதில்லை. கடைக்காரர் ஏதோ ஒன்றைக் கையில் கொடுப்பார், அதிலேயே மீனும் மாட்டும். இரண்டு ராடு சேர்ந்த பிறகுதான் கேள்விகள் ஆரம்பிக்கின்றன. அப்படி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். நான் தூண்டில் போடுவது டெக்சஸ் ஏரிகளில். அதனால் கலங்கல் தண்ணீர், மூழ்கிய மரம், பாசி என்ற வாடை பதிலில் அடிக்கும். மிச்சிகன், ஒன்டாரியோ பக்கம் இருப்பவர்கள் ஸ்பின்னிங் பற்றிய கேள்வியை முதலில் படித்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இரண்டு ராடுகள் இருக்கின்றன. மூன்றாவதாக எதை வாங்கலாம்?

உங்களிடம் இருப்பவை பெரும்பாலும் இவையாகத்தான் இருக்கும்: 7 அடி மீடியம் ஸ்பின்னிங் (ரீல் அடியில் தொங்கும் ராடு) ஒன்று, 7 அடி மீடியம் ஹெவி ஃபாஸ்ட் பெயிட்காஸ்டிங் (ரீல் மேலே உட்காரும் ராடு) ஒன்று. மீடியம், ஃபாஸ்ட் என்பதற்கெல்லாம் பொருள் கீழே வருகிறது. நல்ல ஜோடி. டெக்சஸ் ரிக், ஜிக், ஸ்பின்னர்பெயிட், எடையே கட்டாத சென்கோ (ரப்பர் புழு) என்று லூர்களை (செயற்கை இரைகளை) வீசும் முக்கால்வாசி வேலை இவற்றிலேயே முடிந்துவிடும்.

மூன்றாவது, நன்றாக வளைகிற ஒரு ராடாக இருக்கட்டும். 7 அடியிலிருந்து 7 அடி 4 அங்குலத்துக்குள், மீடியம் அல்லது மீடியம் ஹெவி பவர், மாடரேட் ஆக்‌ஷன். கடையில் கிராங்க்பெயிட் ராடு என்று எழுதி வைத்திருப்பார்கள். எடுத்து ஆட்டிப் பார்த்தவுடன் பலருக்கு முகம் சுருங்கும். தொளதொளவென்று இருக்கிறதே, இதற்கா காசு என்று திருப்பி வைத்துவிட்டு, ஏற்கெனவே இருப்பது போலவே இன்னொரு மீடியம் ஹெவி ஃபாஸ்ட் வாங்கி வருவார்கள். வீட்டில் ஒரே மாதிரி மூன்று ராடு நிற்பது இப்படித்தான்.

அந்தத் தொளதொளப்புக்குக் காரணம் இருக்கிறது. கிராங்க்பெயிட், ஜெர்க்பெயிட், லிப்லெஸ் போன்ற மீன் வடிவ லூர்களில் தொங்குவது மெல்லிய கம்பியில் செய்த மும்முனை முள். பாஸ் கடித்துப் பிடிப்பதில்லை; வாயைத் திடீரென்று திறந்து, தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சுகிறது. லூரோ நீங்கள் ரீல் சுற்றும் வேகத்தில் எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. ராடு விறைப்பாக இருந்தால் மீன் வாயை மூடுவதற்குள் லூர் வெளியே வந்துவிடும், அல்லது உதட்டு ஓரத்தில் ஒரு முனை மட்டும் மாட்டும். பாதி வரை வளையும் ராடு அந்த நொடியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். அப்புறம் மீன் துள்ளித் தலையை உதறும்போதும் நரம்பு (தூண்டில் கயிறு) தளராமல் அதுவே பார்த்துக்கொள்ளும். படகு அருகே வந்த மீன் கடைசி உதறலில் கழன்று போவது அடிக்கடி நடந்தால், முள்ளைக் குறை சொல்வதற்கு முன் ராடைப் பாருங்கள்.

பிப்ரவரி, மார்ச்சில் சாம் ரேபர்ன், டொலீடோ பெண்ட் ஏரிகள் பக்கம் சிவப்பு லிப்லெஸ் லூரைப் பாசி மேல் இழுக்கிறவர்களுக்கு இந்த ராடு இல்லாமல் முடியாது. லூர் பாசியில் லேசாகச் சிக்கும், ஒரு சுண்டு சுண்டி விடுவிப்பீர்கள், அந்த இடத்தில்தான் மீன் அடிக்கும். இந்த வேலைக்கு முழு மாடரேட்டை விட மாடரேட் ஃபாஸ்ட் வசதி, பாசியை அறுத்துக்கொண்டு வர முதுகில் கொஞ்சம் பலம் வேண்டும்.

எனக்குத் தேவையானது அதுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? வேறாகவும் இருக்கலாமே?

இருக்கலாம். உங்கள் லூர் டப்பாவைத் திறந்து பாருங்கள். ஆசைப்பட்டு வாங்கி, கட்டவே மனம் வராமல் பெயின்ட் கூட உரியாமல் கிடப்பது எது? ரப்பர் தவளையா, பெரிய ஸ்விம்பெயிட்டா (மீன் போலவே நீந்தும் லூர்), சின்ன நெட் ரிக்கா (சிறு முள்ளில் மாட்டும் குட்டி ரப்பர்)? கட்டாமல் விட்டதற்குக் காரணம் பல நேரம் இருக்கிற ராடுகளில் அது சரியாகப் பறக்காததுதான். அந்த லூர் எந்த ராடைக் கேட்கிறதோ அதுதான் உங்கள் அடுத்த ராடு. கடையில் என்ன தள்ளுபடி, யூடியூபில் யார் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

டப்பாவில் எல்லாமே தேய்ந்திருக்கிறது, எதையும் ஒதுக்கவில்லை என்றால் உங்களுக்கு இப்போதைக்கு ராடு வேண்டாம். லைசென்ஸும் பெட்ரோலும் போதும்.

பவர், ஆக்‌ஷன் இரண்டும் குழப்புகிறது.

வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது பவர்; வளைவு எந்த இடத்தில் விழுகிறது என்பது ஆக்‌ஷன். ஃபாஸ்ட் என்றால் நுனிப்பக்கம் மட்டும் வளையும், மாடரேட் என்றால் நடுவரை வளையும்.

இதில் ஒரு வம்பு உண்டு. மீடியம், ஹெவி என்ற பெயர்களுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் மீடியம் ஹெவி இன்னொரு கம்பெனியின் ஹெவியாக இருக்கும். டாபின்ஸ் மாதிரி சிலர் எண்ணில் சொல்லிவிடுகிறார்கள்: 734 என்றால் 7 அடி 3 அங்குலம், பவர் 4. ஆனால் அந்த 4 கூட அவர்களுடைய 4தான். அதனால் பெயரை விட்டுவிட்டு, பிடிக்கு மேலே சின்ன எழுத்தில் போட்டிருக்கும் லூர் எடையைப் படியுங்கள். 1/4 முதல் 3/4 அவுன்ஸ் என்றால் 7 முதல் 21 கிராம். இரண்டு எல்லைக்கும் நடுவில் இருக்கும் எடைதான் அந்த ராடில் நன்றாகப் பறக்கும். ஓரத்தில் இருப்பது போகும், ஆனால் இன்பமாகப் போகாது.

எடை போடும்போது ரப்பரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 3/8 அவுன்ஸ் ஜிக்கில் ஒரு டிரெய்லரை (பின்னால் சேர்க்கும் ரப்பர் துண்டு) மாட்டினால் அது அரை அவுன்ஸைத் தாண்டிவிடும். 5 அங்குல சென்கோ, எடையே கட்டாவிட்டாலும், ஏறக்குறைய 1/3 அவுன்ஸ் இருக்கும். வெறும் புழுதானே என்று நினைத்துக் காற்று மாதிரி லேசான ராடைத் தேட வேண்டியதில்லை.

கடையில் எப்படிப் பார்த்து வாங்குவது?

வெறும் ராடை ஆட்டிப் பார்ப்பதில் பாதி விஷயம் தெரியாது. உங்கள் ரீலைக் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். பெரிய கடைகளில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ரீலுக்குச் சற்று முன்னால் ஒரு விரலில் வைத்தால் நுனி தரையை நோக்கிச் சாய்கிறதா என்று கவனியுங்கள். நுனி கனமான ராடு கடையில் இரண்டு நிமிடம் தொந்தரவு தராது; ஆகஸ்ட் வெயிலில் மத்தியானத்துக்குள் மணிக்கட்டு சொல்லிவிடும்.

வளைவைப் பார்க்க நுனியைத் தரைவிரிப்பில் மெதுவாக ஊன்றி அழுத்துங்கள். நண்பர் ஒருவர் நுனியைக் கையில் பிடித்துக்கொள்ள, நீங்கள் செங்குத்தாகத் தூக்கிப் பார்ப்பது மட்டும் வேண்டாம். பாரம் முழுதும் நுனியின் சில அங்குலத்தில் இறங்கி, நல்ல ராடே படக்கென்று போகும். மீனைப் படகுக்குள் தூக்கும்போது ராடு உடைவதும் இதே காரணத்தால்தான்.

கிளாஸ் ராடா, கார்பன் ராடா?

மேலே சொன்ன மூன்றாவது ராடு கிளாஸ் ஃபைபராகவோ, கிளாஸும் கார்பனும் கலந்ததாகவோ இருக்கலாம். கனம் கூடுதல், உணர்வு குறைவு, ஆனால் வளைவு அருமை, சீக்கிரம் உடையாது. ஷேக்ஸ்பியர் கம்பெனி 1976இல் கொண்டுவந்த அக்லி ஸ்டிக் இந்தக் கலவையில்தான் பேர் வாங்கியது. ஜிக், டெக்சஸ் ரிக், டிராப் ஷாட் (முள்ளுக்குக் கீழே எடை கட்டும் முறை) இவற்றுக்குக் கார்பன். அடியில் லூர் கல்லில் உரசுகிறதா, மரத்தில் தட்டுகிறதா, மீன் வாயில் வைத்துப் பார்க்கிறதா என்பதைக் கை சொல்ல வேண்டும்.

ஐஎம்6, ஐஎம்7, ஐஎம்8 என்று ராடில் எழுதியிருப்பதைத் தரவரிசையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவை ஹெக்ஸெல் என்ற இழை தயாரிக்கும் கம்பெனி தன் இழைகளுக்கு வைத்த பெயர்கள். எண் கூடினால் ராடு நல்லது என்ற விதி எதுவும் இல்லை. விறைப்பு கூடிய இழையில் சுவர் மெல்லிசாக வரும், எடை குறையும், அடிபட்டால் தாங்காது.

தவளைக்கும் ஃபிளிப்பிங்குக்கும் தனித்தனி ராடு வேண்டுமா?

ஒன்று போதும், ஆரம்பத்தில். ஃபிளிப்பிங் என்பது லூரைக் கிட்டத்திலிருந்து அடைசலுக்குள் மெதுவாக இறக்குவது. 7 அடி 3 அங்குலத்திலிருந்து ஏழரை அடிக்குள், ஹெவி, ஃபாஸ்ட். ரீலில் 50 அல்லது 65 பவுண்டு பிரெய்டு (பின்னிய நரம்பு). இரண்டு வேலையிலும் மீன் இருப்பது அடைசலுக்குள். டெக்சஸின் லேக் ஃபோர்க் ஏரியில் தண்ணீரில் நிற்கும் பட்ட மரங்களைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். முள் ஏறியவுடன் மீனின் தலையை நம் பக்கம் திருப்பிவிட வேண்டும். அதற்கு ஒரு வினாடி தாமதமானாலும் அது கிளையைச் சுற்றிக்கொள்ளும், பிறகு நீங்கள் பிடித்திருப்பது மரத்தை.

நீளத்தில்தான் சின்ன சண்டை. தவளையை வீசி, நுனியைக் கீழே வைத்துத் தட்டித் தட்டி நடக்க வைக்க வேண்டும். ராடு மிக நீளமாக இருந்தால் நுனி தண்ணீரைத் தொடும், குள்ளமானவர்களுக்கு இன்னும் கஷ்டம். ஃபிளிப்பிங்குக்கோ நீளம் லாபம். இந்தக் கலையை 1970களில் பிரபலமாக்கிய கலிஃபோர்னியாக்காரர் டீ தாமஸ். கோரைப் புதருக்குள் மிக நீளமான கம்பை விட்டு ஜிக்கை இறக்கும் ஊர்ப் பழக்கத்தைச் சுருக்கி, ஏழரை அடி ராடில் செய்துகாட்டினார். 1975இல் ஆர்கன்சாவின் புல் ஷோல்ஸ் ஏரியில் நடந்த போட்டியில் ஜெயித்தார். ஃபென்விக் கம்பெனி அந்த ஏழரை அடியையே ஃபிளிப்பிங் ஸ்டிக் என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைக்கும் ஃபிளிப்பிங் ராடு என்று கேட்டால் கடையில் ஏழரை அடிதான் முதலில் வரும்.

பாசி மேல் தவளை போடுவது உங்களுக்கு எப்போதாவதுதான் என்றால் ஏழரையை எடுங்கள். கோடை முழுதும் அதுதான் வேலை என்றால் 7 அடி 3.

நான் இருப்பது வடக்கே. தண்ணீர் தெளிவு, ஸ்மால்மவுத் (பாஸில் ஒரு வகை) அதிகம். எனக்கும் கிராங்க்பெயிட் ராடுதானா?

இல்லை. உங்களுக்கு இன்னொரு ஸ்பின்னிங் ராடு. லேக் செயின்ட் கிளேர், ஈரி, சிம்கோ போன்ற தெளிந்த ஏரிகளில் டிராப் ஷாட், நெட் ரிக், டியூப் என்று சின்னச் சின்னதாகத்தான் பகல் முழுக்க ஓடும். ஏற்கெனவே இருக்கும் மீடியத்துக்குத் துணையாக 7 அடி அல்லது 7 அடி 2 அங்குல மீடியம் லைட், எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட். 10 பவுண்டு பிரெய்டில் 6 அல்லது 8 பவுண்டு ஃபுளூரோகார்பன் லீடர் (முள் பக்கம் கட்டும் துண்டு நரம்பு). நெட் ரிக்கின் முள் மெல்லியது. பலமாகச் சுண்ட வேண்டாம், ராடை ஓரமாக இழுத்து ரீலைச் சுற்றினாலே ஏறிவிடும். விறைத்த ராடில் அந்த முள் நிமிர்ந்து வந்துவிடும்.

இந்த ராடில் மட்டும் பணம் பார்க்காதீர்கள். முப்பது அடி ஆழத்தில் ஸ்மால்மவுத் டிராப் ஷாட்டை எடுப்பது பல நேரம் தட்டலாகவே தெரியாது. நரம்பில் ஒரு சின்ன கனம் ஏறும், ஈரத்துணி மாட்டியது போல. மட்டமான ராடில் அது கைக்கு வந்து சேராது.

படகு இல்லை, கரையிலிருந்துதான் போடுகிறேன். எனக்கு எத்தனை ராடு வேண்டும்?

கையில் இரண்டு, காரில் ஒன்று. அதற்கு மேல் எடுத்துப்போனால் புதரில் மாட்டுவதிலேயே பொழுது போகும். நீளமும் கரையைப் பொறுத்தது. பின்னால் மரம் அடர்ந்த குளக்கரையில் 6 அடி 8 அங்குலம் செய்வதை 7 அடி 6 அங்குலம் செய்யாது. பேருந்து நிறுத்தம் போல வெட்டவெளியாக இருக்கும் அணைக்கரைகளில் நீளமான ராடு பத்தடி கூடுதலாக வீசும். கயாக்கில் உட்கார்ந்து போடுகிறவர்கள் பிடியின் நீளத்தைப் பாருங்கள். நீண்ட பிடி வயிற்றிலும் லைஃப் ஜாக்கெட்டிலும் இடிக்கும்.

பெரிய ஸ்விம்பெயிட் ராடு வாங்க ஆசையாக இருக்கிறது.

2009 ஜூலை 2ஆம் தேதி ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா பிடித்த மீனையும், 1932இல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீனையும் பற்றிப் படித்த எல்லோருக்கும் இந்த ஆசை வரும். உலக சாதனையை இருவரும் பங்கு போட்டிருக்கிறார்கள். 8 அடி, எக்ஸ்ட்ரா ஹெவி, 2 முதல் 8 அவுன்ஸ் வரை வீசும் ராடு. கூடவே பெரிய ரீல், ஒவ்வொன்றும் ராடு விலைக்கே வரும் லூர்கள். ஒரு நாள் முழுக்க ஒரு மீனும் அடிக்காமல் வீசிக்கொண்டே இருக்க உங்களால் முடியுமா? முடியும் என்றால் வாங்குங்கள். ஐந்தாவது, ஆறாவது ராடாக.

எவ்வளவு செலவு செய்யலாம்?

100 முதல் 200 டாலருக்குள் இன்று கிடைக்கும் ராடுகள் பெரும்பாலானவர்களுக்குப் போதும். செயின்ட் க்ராய், டாபின்ஸ், ஷிமானோ, டைவா எல்லோருக்கும் இந்த விலையில் ஒரு வரிசை இருக்கிறது. அதற்கு மேல் கொடுப்பது எடை குறைவுக்கும், உணர்வுக்கும், நல்ல வளையங்களுக்கும். ஆகவே காசைப் பிரித்துக் கொடுங்கள்: கை உணர வேண்டிய ஜிக், டிராப் ஷாட் ராடுகளுக்கு அதிகம், கண்ணாலே பார்த்து அடிக்கும் தவளைக்கும், தானே வந்து மாட்டும் கிராங்க்பெயிட்டுக்கும் குறைவு. 80 டாலர் கிளாஸ் ராடு தன் வேலையை முழுதாகச் செய்யும்.

வாரன்டி என்ன என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ராடு மீனால் உடைவதை விடக் கார் கதவாலும் வீட்டுக் கூடத்தில் சுற்றும் சீலிங் ஃபேனாலும் உடைவதுதான் அதிகம். சில கம்பெனிகள் காரணம் கேட்காமல் ஒரு தொகை வாங்கிக்கொண்டு மாற்றித் தருவார்கள், சிலர் தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான்.

விலை பற்றிக் கவலை அதிகமானால் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்: டெக்சஸ் மாநில சாதனையான 18.18 பவுண்டு பாஸ், 1992 ஜனவரியில் லேக் ஃபோர்க்கில், க்ராப்பி என்ற வேறு மீனைப் பிடிக்க உயிர் மின்னோ (பொடி மீன்) போட்டுக்கொண்டிருந்த பேரி செயின்ட் கிளேரிடம் மாட்டியது.

ராடோடு ரீலும் புதிதாக வாங்க வேண்டுமா?

உடனே வேண்டாம். கிராங்க்பெயிட்டுக்கு மெதுவாகச் சுற்றும் 5.4:1 (கைப்பிடி ஒரு சுற்றுக்கு உருளை 5.4 சுற்று) அல்லது 6.3:1 ரீல் நல்லது. ஆழமாக இறங்கும் லூரை வேக ரீலில் இழுத்தால் முழங்கை வலிக்கும். ஜிக், தவளை, டெக்சஸ் ரிக்குக்கு 7:1க்கு மேல். உங்களிடம் இருக்கும் பழைய மெதுவான ரீலைக் கிராங்க்பெயிட் ராடுக்குக் கொடுத்துவிட்டு, வேக ரீலை அடுத்த வருடம் வாங்கலாம். ராடும் ரீலும் சேர்த்து விற்கும் காம்போ முதல் ராடுக்குச் சரி. மூன்றாவதுக்கு வேண்டாம், இரண்டில் ஒன்று எப்போதும் மட்டமாக இருக்கும்.

ஊருக்குப் போகும்போது எடுத்துப் போகலாமா?

தமிழ்நாட்டுக் குளம், ஏரிகளில் ரப்பர் தவளையில் விரால் பிடிக்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். பாஸ் தவளைக்கு வாங்கும் ராடின் வேலை அங்கேயும் அதேதான்: தாமரை இலைக்கு நடுவே அடிக்கும் விராலை வேருக்குள் புகவிடாமல் இழுப்பது. ஆனால் ஒற்றைத் துண்டாக இருக்கும் 7 அடி ராடு 84 அங்குலம்; விமானத்தில் சாதாரணப் பெட்டிக்கு நீளம், அகலம், உயரம் சேர்த்துப் பொதுவாக 62 அங்குலம்தான். கூடுதல் கட்டணம், கூடவே உடையும் பயம். மூன்று, நான்கு துண்டாகக் கழலும் மீடியம் ஹெவி பயண ராடு ஒன்று, பெட்டிக்குள் அடங்குகிற மாதிரி வாங்கிக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போகிறவர்கள் மூன்றாவது ராடாகவே இதை வாங்கலாம், இங்கேயும் பயன்படும்.

பழைய ராடு வாங்கலாமா?

தாராளமாக. சீசன் முடிந்ததும் நல்ல ராடுகள் பாதி விலைக்கு வரும். போகும்போது சட்டைப் பையில் காது குடையும் பஞ்சுக் குச்சி ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் அதை ஒரு சுற்று சுற்றுங்கள். நூல் நூலாகப் பஞ்சு பிடித்தால் உள்ளே பீங்கான் கீறியிருக்கிறது, அது உங்கள் நரம்பையும் அறுக்கும். பிறகு வெளிச்சத்தில் ராடைச் சாய்த்து, விரல் நகத்தை அடியிலிருந்து நுனி வரை ஓட்டுங்கள். நகம் தடுக்கும் இடத்தில் பெயின்ட் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. இழை தெரிந்தால் அங்கேதான் ஒரு நாள் உடையும்.

கடைசியாக, எழுதியிருக்கும் நீளத்தை டேப்பால் அளந்து பாருங்கள். 7 அடி ராடு 6 அடி 9 அங்குலம் இருந்தால், நுனி உடைந்து புது வளையம் ஒட்டியிருக்கிறார்கள். கிராங்க்பெயிட்டுக்கு அது வேண்டாம், வளைகிற பகுதியே போய்விட்டது. ஃபிளிப்பிங் ராடு என்றால் விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.